ஏழாம் தொட்டி செழித்த இரவு

எலுமிச்சை என்ற பேச்சே இங்கே கிடையாது.
வேய்ஃபாங்குக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரம்,
லாரி லாரியாக வந்து இறங்குவது மக்காச்சோளம்.
மாவாகி, கஞ்சியாகி, சர்க்கரைத் தண்ணீராகி
தொட்டிக்குள் போய் நிற்கும்போது
மூன்று மாடி உயரம்.

தவிட்டில் வளர்த்த கரும்பூஞ்சை வித்து,
அடுப்புக்கரியைப் பொடித்த மாதிரி, ஒரு குடுவை.
அதைக் கலந்துவிட்டு
அறுபத்தாறு மணி நேரம் காற்றை ஊதவேண்டும்.
நுரை பொங்கினால் எண்ணெய் விடவேண்டும்.
அவ்வளவுதான் வேலை என்று
வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது:
சர்க்கரையைத் திகட்டத் திகட்டக் கொடுப்போம்,
காற்றுக்கும் கணக்கில்லை.
இரும்பை மட்டும் எண்ணிக் கொடுப்போம்,
மாங்கனீசைக் கண்ணிலேயே காட்டமாட்டோம்.
அது இல்லாத பூஞ்சைக்கு உடம்பு பிடிக்காது.
தின்றதை முழுக்கச் செரிக்க வழியில்லாமல்
பாதியில் கக்கும்.
அந்தக் கக்கல்தான்
உங்கள் ஆரஞ்சு சோடாவில் நாக்கைச் சுண்டுவது.

பிறகு சுண்ணாம்பு போடுவார்கள், சீறும்.
கந்தக அமிலம் விடுவார்கள்,
சுண்ணாம்பு ஜிப்சமாகிப் பின்புறம் மலையாய்க் குவியும்;
அதன்மேல் நாய்கள் படுத்திருக்கும், வெள்ளை வெள்ளையாக.
மிச்சத்தைக் காய்ச்சினால் படிகம்.
இருபத்தைந்து கிலோ மூட்டை.
சிங்தாவ் துறைமுகம்.
அதெல்லாம் அடுத்த கட்டடம். எனக்குத் தெரிந்தது ஏழாம் தொட்டி.

அந்த வாரம் சர்க்கரைக் குழாயில் கசிவு.
வெல்டர் ஃபூ யென்ஜியே பழைய முழங்கையை அறுத்து
ஸ்டோரில் கிடைத்த ஒன்றை வைத்துப் பற்றவைத்தார்.
மீன்முள் மாதிரி அழகான தையல்.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
தானே இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் இரவு, மூன்று மணி.
பி.எச். இரண்டுக்கு இறங்கியிருக்கவேண்டும்.
நாலில் நிற்கிறது.
மானியைத் தட்டினேன். நாலு.
மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.
எப்போதும் கடுகு போல இறுகிக் கிடக்கும் உருண்டைகள்
அன்று அவிழ்ந்து,
ஆட்டு ரோமம் போல நாலாபக்கமும் இழை நீட்டி,
ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு
தொட்டி முழுக்கக் கூழ்.
இவ்வளவு ஆரோக்கியமாக ஒரு பூஞ்சையை
நான் பார்த்ததே இல்லை.

ஷிப்ட் தலைவர் லுவான் வந்தார்.
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
குறிப்பேட்டில் எழுதினார்:
*ஏழு. வளர்ச்சி மிக நன்று. தொகுதி தோல்வி.*
நான் சிரித்துவிட்டேன்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

மூன்று நாள் ஆராய்ந்து முழங்கையைக் கண்டுபிடித்தார்கள்.
மாங்கனீசு கொஞ்சம் கூடுதலான எஃகு.
ஒரு தொட்டிக்கு அது என்ன, ஒரு சிட்டிகைகூட இல்லை.
ஃபூவுக்கு அரைமாதச் சம்பளம் வெட்டு.
"ஒழுகியதா? ஒழுகவில்லையே"
என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.
கூழைப் பன்றிப் பண்ணைக்காரர் அள்ளிப்போனார்,
மறுமாதம் வந்து இன்னும் இருக்கிறதா என்றார்.

தொட்டியைக் கழுவி, நீராவியில் வேகவைத்து,
புது வித்து போட்டோம்.
நாற்பதாம் மணியில் பி.எச். ஒன்று புள்ளி ஒன்பது.
உருண்டைகள் கடுகாய் இறுகி, சொன்னபடி கேட்டன.
எனக்கு அந்த மாதம் ஊக்கத்தொகை உண்டு.

விடுதியில்,
அறைத்தோழி மூ குவெய்ஷியாங்கின் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி
காலியாக இருந்தது.
கொஞ்சம் சர்க்கரைப்பாகு, ஒரு விரல் வித்து,
குழாயடியில் பொறுக்கிய போல்ட் ஒன்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ஐந்தாம் நாள் வழிய வழியக் கறுப்பு வெல்வெட்.

குவெய்ஷியாங் மூடியைத் திறந்தாள்,
மூக்கை உள்ளே விட்டாள்,
விரலால் தொட்டு நக்கப்போனவளைக்
கையைப் பிடித்து நிறுத்தினேன்.
"புளிப்பு வாசமே இல்லையே,
கெட்டுப்போயிற்று போல" என்றாள்.